வீட்டுக் கடனுக்கு நடுவே 90 டன் செம்பனை எண்ணெய்

“வட்டி இல்லாத பேங்க்னு சொல்றீங்க. ஆனா மாசாமாசம் கட்டுற காசு அங்கயும் இங்கயும் ஏறக்குறைய ஒண்ணாத்தானே இருக்கு?” கோலாலம்பூரில் வீட்டுக் கடன் பிரிவில் வேலை செய்கிற யாரையும் இந்தக் கேள்வி விட்டதில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும் மாமா கேட்பார். வீடு பார்க்க ஆரம்பித்த தம்பி கேட்பான்.

நியாயமான கேள்வி. ஒரே ஊரில் ஒரே ஆளைப் பிடிக்க வட்டி வங்கி, வட்டி வாங்காத இஸ்லாமிய வங்கி என்ற இரண்டு வகையும் போட்டி போடுகின்றன. மத்திய வங்கியான பேங்க் நெகாரா, ஓபிஆர் என்ற அடிப்படை வட்டி விகிதத்தை ஏற்றினால் இரண்டிலும் தவணை ஏறுகிறது. இறக்கினால் இரண்டிலும் இறங்குகிறது. தவணையை மட்டும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. அது கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறது: பணம் எந்த வரிசையில் நகர்கிறது, வங்கி எதைத் தன் பெயரில் வாங்கியாக வேண்டும், நீங்கள் கட்டத் தவறினால் அது என்னென்ன செய்யக் கூடாது, தலைமை நிர்வாகியிடமே ‘முடியாது’ என்று சொல்ல யாருக்கு அதிகாரம்.

நான் வட்டி வங்கியின் கடன் ஆவணப் பிரிவில் சில வருடங்கள் இருந்துவிட்டு, அதே குழுமத்தின் இஸ்லாமிய வங்கிக்கு மாறியவன். கட்டடம் அதேதான், வேலை வேறு. நான் முஸ்லிம் இல்லை. மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதியும் எனக்கில்லை. மேசையில் பார்த்ததையும், அதைப் பார்த்து எனக்கு உண்டான எண்ணத்தையும் எழுதுகிறேன்.

மலேசியாவில் இதற்கு நல்ல வேர் உண்டு. வட்டிக் கலப்பில்லாமல் ஹஜ்ஜுக்குக் காசு சேர்க்க ஒரு வழி வேண்டும் என்று பொருளியலாளர் உங்கு அப்துல் அசிஸ் 1959-ல் கொடுத்த யோசனையில் பிறந்ததுதான் இன்றைய தாபுங் ஹாஜி. 1983-ல் இஸ்லாமிய வங்கிச் சட்டம் வந்து, அதே ஆண்டில் பேங்க் இஸ்லாம் திறக்கப்பட்டது. 1993-ல் மற்ற வங்கிகளும் வட்டியில்லாப் பிரிவு நடத்த அனுமதி கிடைத்தது. இப்போது எல்லாவற்றுக்கும் அடிப்படை 2013-ன் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டம்.

இனி வீட்டுக்கு வருவோம்.

வட்டி வங்கியில் வேலை நேர்கோடு. வங்கி பணம் கொடுக்கிறது, வீட்டை அடமானமாக எழுதி வாங்குகிறது, நிலுவைக்கு நாள்கணக்கில் வட்டி ஓடுகிறது. கையெழுத்தும் அடமானப் பதிவும் சரியாக இருந்தால் பணத்தை அனுப்பிவிடலாம். இஸ்லாமிய வங்கியில் கொடுத்த பணத்துக்கு மேல் பணம் வாங்கினால் அது ரிபா, மார்க்கம் தடுத்த வட்டி. லாபம் வேண்டுமானால் நடுவில் ஒரு பொருள் வேண்டும், அதை வாங்கி விற்க வேண்டும். இங்கே அந்தப் பொருள் பல நேரம் கச்சா செம்பனை எண்ணெய். இதற்கென்றே 2009-ல் பங்குச் சந்தையான புர்சா மலேசியா ‘சூக் அல்-சிலா’ என்ற மின் சந்தையைத் தொடங்கியது.

உங்களுக்கு 360,000 ரிங்கிட் வேண்டும், எண்ணெய் டன் 4,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 90 டன் எண்ணெயை ரொக்கத்துக்கு வாங்குகிறது. சந்தையிலிருந்து அதன் பெயரில் மின் சான்றிதழ் வருகிறது. அந்த 90 டன்னையும் லாபம் சேர்த்து, 30 வருடத் தவணையில் கட்டும்படி உங்களுக்கு விற்கிறது. உங்களுக்கு எண்ணெய் தேவையில்லை. வங்கியையே முகவராக்கி அதைச் சந்தையில் 360,000-க்கு விற்கச் சொல்கிறீர்கள். அந்தப் பணம்தான் வீடு விற்றவருக்கோ மேம்பாட்டாளருக்கோ போய்ச் சேர்கிறது. இனி வங்கிக்கு உங்களிடம் வர வேண்டியது, விற்ற சரக்கின் விலைப் பாக்கி. இந்த முறைக்குத் தவர்ருக் என்று பெயர்.

எல்லாம் திரையில், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் வரிசை பிசகக் கூடாது. தன்னிடம் இல்லாத பொருளை வங்கி விற்க முடியாது. வாங்காத பொருளை விற்றுத்தரும்படி நீங்கள் சொல்லவும் முடியாது. அதனால் எங்கள் பிரிவில் ஒவ்வொரு கோப்பிலும் நேரத்தை ஒத்துப் பார்ப்போம்: வங்கி எண்ணெயை வாங்கியது எப்போது, உங்களுக்கு விற்றது எப்போது, உங்களுக்காக மறுபடி விற்றது எப்போது, பணம் வெளியே போனது எப்போது. அவசரக் கோப்பில் ஒருவர் எண்ணெய் வாங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் பணத்தை அனுப்பியிருந்தால், வட்டி வங்கியில் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. இங்கே அது ஷரியா (மார்க்கச் சட்டம்) மீறலாக இருக்கலாம் என்று தனிப் பிரிவுக்குத் தகவல் போகும். ஷரியா குழு மீறல்தான் என்று உறுதி செய்தால், அந்தக் கணக்கில் வந்த லாபத்தை வங்கி தன் வருமானமாக எழுத முடியாது. அது தர்மக் காரியத்துக்குப் போக வேண்டும். பேங்க் நெகாராவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்குள் சரிசெய்யும் திட்டம் கொடுக்க வேண்டும். 2013 சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி ஷரியா மீறலுக்கு 8 ஆண்டு வரை சிறை, 25 மில்லியன் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். மத விதி ஒன்று நாட்டின் வங்கிச் சட்டத்துக்குள் இவ்வளவு கூர்மையாக நுழைந்திருப்பதைப் பார்த்து, சேர்ந்த புதிதில் நான் அசந்துபோனேன்.

வாடிக்கையாளர்களை அதிரவைப்பது வேறொன்று. ஆஃபர் லெட்டரில் ‘விற்பனை விலை’ என்று ஓரிடம் இருக்கும். 360,000 ரிங்கிட் கேட்டவருக்கு அங்கே 1,137,000 ரிங்கிட்டுக்கு மேல் போட்டிருக்கும்.

“என்னாங்க இது? மூணு லட்சத்து அறுபதாயிரம் கேட்டதுக்குப் பதினோரு லட்சம் எழுதியிருக்கு?” என்று ஓர் அக்கா, கணவரைத் திரும்பிப் பார்த்தபடியே பேனாவைக் கீழே வைத்தார். “அக்கா, இதுக்கு மேல ஒரு காசு உங்ககிட்ட கேக்க முடியாதுன்னு அர்த்தம். மாசம் கட்டப்போறது இது இல்ல,” என்று சொல்லிக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். விற்பனை என்றால் விலை கையெழுத்தின்போதே முடிவாக வேண்டும். ஆனால் ஓபிஆர் 30 வருடத்தில் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஓர் உச்ச விகிதத்தை, உதாரணத்துக்கு 10 விழுக்காட்டை, வைத்து விலையைத் தீர்மானிக்கிறார்கள். நடப்பு விகிதம் 4 விழுக்காடாக இருந்தால் மாதத் தவணை சுமார் 1,719 ரிங்கிட்; அதே விகிதம் நீடித்தால் மொத்தம் 619,000-க்குக் கிட்டத்தில் முடிந்துவிடும். மீதி வித்தியாசத்தை ‘இப்ரா’ என்ற தள்ளுபடியாக வங்கி விட்டுக்கொடுக்கிறது.

வட்டி வங்கியின் மிதக்கும் வட்டிக் கடனில் இப்படி ஓர் உச்சவரம்பு பொதுவாக இருப்பதில்லை. விகிதம் 12-க்குப் போனால் 12 கட்ட வேண்டும். இஸ்லாமிய ஒப்பந்தத்தில் 10-ல் நின்றுவிடும். சமீப காலத்தில் விகிதங்கள் அந்த உயரத்துக்குப் போகாததால் இதன் அருமை பலருக்கும் புரியவில்லை. 1998 நிதி நெருக்கடியில் தவணை கட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த இப்ரா சும்மா வந்ததல்ல. முன்பு வீட்டு நிதிக்குப் பரவலாக இருந்தது பிபிஏ என்ற முறை. வங்கி வீட்டையே வாங்கித் தவணை விலைக்குத் திருப்பி விற்பது. ஆரம்பத்திலேயே கட்டத் தவறியவரிடம் 25 வருட லாபத்தையும் சேர்த்து முழு விற்பனை விலையைக் கேட்க வங்கிக்கு உரிமை உண்டா? 2006-ல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி வந்தது. நிதி சுமார் 394,000 ரிங்கிட், விற்பனை விலை 992,363 ரிங்கிட். வாடிக்கையாளர் 33,454 ரிங்கிட் மட்டும் கட்டியிருந்தார். வங்கி மீதி 958,909 ரிங்கிட்டைக் கேட்டது. இன்னும் கழியாத வருடங்களுக்கான லாபத்தைக் கேட்க முடியாது என்றது நீதிமன்றம். அதற்கப்புறம் தீர்ப்புகள் இரு பக்கமும் ஆடின. விற்பனையைக் கடனோடு ஒப்பிடக் கூடாது என்று 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு சொன்னது. கடைசியில் இப்ரா கொடுப்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும் என்று பேங்க் நெகாரா கட்டாயமாக்கிய பிறகுதான் வாடிக்கையாளருக்கு நிம்மதி. வட்டி இல்லை என்ற பெயர் மட்டும் யாரையும் காப்பாற்றவில்லை. வழக்கும் விதியும் சேர்ந்துதான் காப்பாற்றின. பிபிஏ பற்றிப் பெருமையாகப் பேசும் நண்பர்களிடம் இதை நான் அழுத்தித்தான் சொல்வேன்.

கட்டத் தவறும்போது இரு முறைகளும் பிரிவதை நாடே பார்த்த சமயம் 2020. கோவிட் வந்து நடமாட்டக் கட்டுப்பாடு போட்டதும், ஏப்ரல் 1 முதல் ஆறு மாதத்துக்குத் தனிநபர்களும் சிறு தொழில்களும் தவணை கட்ட வேண்டாம் என்று பேங்க் நெகாரா அறிவித்தது. அந்த ஆறு மாதமும் வட்டி வங்கியில் வட்டி ஓடியது. ஓடிய வட்டி நிலுவையோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஓடியது. இஸ்லாமிய நிதியில் லாபம் அசலுக்கு மட்டும் கணக்கானது. லாபத்தின் மேல் லாபம் போடக் கூடாது என்று பேங்க் நெகாராவே விளக்கம் கொடுத்தது. 4 விழுக்காட்டில் 300,000 ரிங்கிட் நிலுவை உள்ளவருக்கு ஆறு மாதத்தில் தோராயமாக 6,000 ரிங்கிட் சேரும். வட்டி வங்கியில் அந்த 6,000 தானும் வருடத்துக்கு 240 ரிங்கிட் குட்டி போடும். இஸ்லாமிய வங்கியில் அது 6,000-ஆகவே ஓர் ஓரத்தில் நிற்கும். வட்டிக்கு வட்டி கட்டி நொடித்துப்போன குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

அப்போது இன்னொரு வேலையும் வந்தது. வீட்டுக் கடனுக்குச் சலுகை தானாக நடந்தது. ஆனால் கார் ஹயர் பர்ச்சேஸ் கடனுக்கும் நிலையான விகித இஸ்லாமிய நிதிக்கும் வாடிக்கையாளரின் சம்மதம் வேண்டும் என்று ஏப்ரல் கடைசியில் அறிவிப்பு வந்தது. ஒரு பக்கம் 1967 ஹயர் பர்ச்சேஸ் சட்டம், இன்னொரு பக்கம் ஷரியா நடைமுறை. இருவர் ஒப்புக்கொண்ட விலையையும் காலத்தையும் ஒருவர் மட்டும் மாற்ற முடியாது, அது அவருக்கு நன்மையாகவே இருந்தாலும். வீட்டிலிருந்தபடி ஆயிரக்கணக்கானோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, வந்த பதில்களைக் கணக்கோடு சேர்த்து, பதில் வராதவர்களைத் தேடி அலைந்தோம். அலுப்பான வேலைதான். ஆனாலும் வாடிக்கையாளரின் ‘சரி’ இல்லாமல் அவர் ஒப்பந்தத்தில் கைவைக்க முடியாது என்ற விதியை நான் மதிக்கிறேன்.

தாமதக் கட்டணத்திலும் அதே கட்டுப்பாடு. 2,000 ரிங்கிட் தவணை ஒரு மாதம் தள்ளிப்போனால், ‘தஃவீள்’ என்ற இழப்பீடு வருடத்துக்கு 1 விழுக்காடு என்ற கணக்கில் ஒரு ரிங்கிட் 64 காசு. வட்டி வங்கியிலும் தாமதக் கட்டண விகிதம் பெரும்பாலும் அதே 1 விழுக்காடுதான்; இதில் யாரும் பெருமை அடிக்க வேண்டாம். விஷயம் என்னவென்றால், இழப்பீட்டை நிலுவையோடு சேர்த்துப் பெருக்க முடியாது. அதற்கு மேல் தண்டமாக ஏதாவது வாங்கினால் அந்தப் பணம் தர்மத்துக்குப் போக வேண்டும். வாடிக்கையாளரின் கஷ்டத்தில் வங்கிக்கு வருமானம் கூடக் கூடாது என்பது அதன் உள்நோக்கம்.

யார் முடியாது என்று சொல்வது? வட்டி வங்கியில் இயக்குநர் குழு, இடர் பிரிவு, தணிக்கை. இஸ்லாமிய வங்கியில் இவற்றோடு ஷரியா குழு: குறைந்தது ஐந்து பேர், பெரும்பான்மை ஷரியா கற்றவர்கள். அதற்குக் கீழே ஷரியா மீளாய்வு, ஷரியா இடர் மேலாண்மை, ஷரியா தணிக்கை என்று தனித்தனி ஆட்கள். புதிய கடன் திட்டமோ, ஒப்பந்தத்தில் ஒரு வரி மாற்றமோ, சில நேரம் விளம்பர வாசகமோகூட அவர்கள் கையைத் தாண்டித்தான் வரும். எல்லாவற்றுக்கும் மேலே பேங்க் நெகாராவின் ஷரியா ஆலோசனை மன்றம், 1997-லிருந்து. நீதிமன்றத்துக்கே அதன் முடிவு கட்டுப்பாடு என்கிறது 2009 மத்திய வங்கிச் சட்டம். அது அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்று கேட்ட வழக்கில் 2019-ல் கூட்டரசு நீதிமன்றம் 5-க்கு 4 என்ற மயிரிழையில் உட்பட்டதுதான் என்றது. நான்கு நீதிபதிகள் மறுத்திருப்பதே கேள்வி எளிதல்ல என்று காட்டுகிறது.

இதன் கடினமான முகத்தையும் பார்த்திருக்கிறேன். மளிகைக் கடை வைத்திருந்த ஓர் அண்ணன் நடைமுறை மூலதனத்துக்கு விண்ணப்பித்தார். கடை பார்க்கப்போன அதிகாரி எடுத்த படத்தில் பின்சுவரில் பீர் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி. ஷரியா பிரிவில் கோப்பு நின்றுவிட்டது. “என் கடையில நூத்துல பாதிக்கு மேல அரிசி பருப்புதான் தம்பி. கணக்குல என் டெப்பாசிட் மட்டும் ஆகுமா?” என்றார். பதில் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. கடைசியில் அவர் கோப்பு ஒரே குழுமத்தின் வட்டி வங்கிக்குப் போய்க் கடன் கிடைத்தது. லாபம் கடைசியில் ஒரே தாய் நிறுவனத்துக்குத்தான் போகிறது. சட்டப்படி இரண்டின் பணமும் கணக்கும் தனித்தனிதான். இருந்தும், இஸ்லாமிய வங்கியை வட்டி வங்கி சொந்தமாக வைத்திருக்கும் இந்த அமைப்பு எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

டெப்பாசிட் பக்கம்தான் எனக்கு வருத்தம் அதிகம். இஸ்லாமிய வங்கியின் மூல எண்ணமே முளாரபா: நீங்கள் பணம் போடுங்கள், நான் தொழில் செய்கிறேன், லாபத்தை 70-க்கு 30 என்று பேசிய விகிதத்தில் பிரிப்போம், நட்டம் வந்தால் முதல் போட்டவருக்கு. மாதக் கடைசியில் இந்தக் கணக்கை முடிப்பது வட்டி வங்கி ஆட்களுக்குப் பழக்கமில்லாத வேலை. எந்தப் பணம் எந்தச் சொத்தில் போயிருக்கிறது, அதில் என்ன வந்தது, செலவு என்ன என்று பார்த்த பிறகுதான் வாடிக்கையாளருக்கு எவ்வளவு என்று சொல்ல முடியும். அந்த மாதம் வருமானம் குறைந்தால், ஆட்கள் பக்கத்து வங்கிக்கு ஓடிவிடுவார்கள் என்று பயந்து வங்கிகள் தம் பங்கை விட்டுக்கொடுத்தும் முன்பு ஒதுக்கிவைத்த நிதியை எடுத்தும் விகிதத்தைச் சமன் செய்துவந்தன. 2013 சட்டம் இதில் கோடு கிழித்தது. முதலுக்கு உத்தரவாதம் இருந்தால் அது டெப்பாசிட், 250,000 ரிங்கிட் வரை டெப்பாசிட் காப்புறுதி அமைப்பான பிஐடிஎம்மின் காப்பு உண்டு. லாப நட்டத்தில் பங்கு என்றால் அது முதலீட்டுக் கணக்கு, காப்பு இல்லை. எது வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கேட்டபோது, பெரும்பாலானோர் உத்தரவாதம் உள்ளதையே கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓய்வுக்காலக் காசை யார் பணயம் வைப்பார்? விளைவு, டெப்பாசிட்டும் தவர்ருக்குக்குள் போய்விட்டது. இம்முறை நீங்கள் எண்ணெயை வங்கிக்கு விற்கிறீர்கள்.

கடனுக்கும் எண்ணெய், டெப்பாசிட்டுக்கும் எண்ணெய். இப்படி ஏற்பாடு செய்து நடத்தும் தவர்ருக் கூடாது என்று இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பான ஓஐசியின் மார்க்கச் சட்ட அமைப்பு, ஃபிக்ஹ் அகாடமி, 2009-லேயே சொல்லிவிட்டது. மலேசிய மன்றம் அனுமதிக்கிறது. சந்தையும் சான்றிதழும் நிஜம்தான், எண்ணெயும் எங்கோ தொட்டியில் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அந்த எண்ணெயில் எந்த அக்கறையும் இல்லாதபோது, வங்கி எடுக்கும் இடர் வட்டி வங்கி எடுக்கும் இடர்தான்: நீங்கள் கட்டுவீர்களா, மாட்டீர்களா. வீட்டில் வங்கியும் பங்குதாரராக நின்று, நீங்கள் அதன் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும் முஷாரகா முதானாகிஸா முறை இங்கே உண்டு. கட்டி முடிக்காத வீட்டுத் திட்டம் கைவிடப்பட்டால் வலி என்ன என்பது அப்படிப்பட்ட வங்கிக்குத் தெரியும். அந்தப் பக்கம் இன்னும் அதிகம் போயிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் ஆட்களுக்கு இந்த முறையை நெருக்கமாகப் பழக்கியது வீடல்ல, நகை. 1992-ல் திரெங்கானுவில் தொடங்கி நாடெங்கும் பரவிய அர்-ரஹ்னு கடைகளில் முஸ்லிம் அல்லாதவர்களும் வரிசையில் நிற்பார்கள். தாலிக்கொடியோடு நிற்கும் நம் அம்மாக்களும் இருப்பார்கள். கொடுத்த காசுக்கு வட்டி இல்லை. நகையைப் பத்திரமாக வைத்திருப்பதற்குக் கூலி. கூலி நகையின் மதிப்பைப் பார்த்துப் போடப்படுகிறது. மீட்க முடியாமல் ஏலம் போனால், பாக்கி போக மிஞ்சியது உரியவருக்குத் திரும்ப வேண்டும். ஷரியா பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் அந்த மிச்சக் காசுக்காகவே அதைத் தேடி வருகிறார்கள்.

கையெழுத்துப் போடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மாதத் தவணையைக் கேட்டதோடு எழுந்துவிடாதீர்கள். ஒப்பந்தம் தவர்ருக்கா, முஷாரகாவா என்று கேளுங்கள். உச்ச விகிதம் எவ்வளவு என்று பாருங்கள். அது வங்கிக்கு வங்கி மாறும். முன்கூட்டியே கட்டி முடித்தால் இப்ரா எந்தக் கணக்கில் என்று அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வீடு இன்னும் கட்டுமானத்தில் இருந்தால், திட்டம் நின்றுபோனால் உங்கள் பாக்கி என்ன ஆகும் என்று கேளுங்கள். காசு போடப் போனால், கணக்கு டெப்பாசிட்டா முதலீடா, பிஐடிஎம் காப்பு உண்டா என்று கேளுங்கள். அதிகாரிக்குப் பதில் தெரியாவிட்டால் ஷரியா பிரிவை அழைக்கச் சொல்லலாம்; எதிர்முனையில் எடுப்பதற்கு அங்கே ஆள் உண்டு.